ஒரே பே

தூன் நகர ஆயுதசாலையில்
என் மேசை வடக்கு யன்னலோரம்.
ஆரே ஆற்றில் தோய்த்து எடுத்ததுபோல்
வெளிச்சம் பச்சையாய், குளிராய் வரும்.
சேவை முடித்தவர்கள்
துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால்
என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தொடர்ந்து சுடும் உறுப்பைக் கழற்றுவேன்.
குழலின் எண்ணும் உடலின் எண்ணும்
ஒன்றுதானா என்று பார்ப்பேன்.
எண் இல்லாத குழல்
பெயர் சொல்லாமல் கதவைத் தட்டுகிறவன் மாதிரி.
பிறகு பே.
ஒரு நேர்கோடு, உச்சியில் ஒரு தொப்பை.
தனியார் என்பதற்கு இங்குள்ள சொல்லின் முதலெழுத்து.
அந்த ஓர் அடிக்குப் பிறகு
இரும்பு அரசாங்கத்துடையது இல்லை.

விதிகள் சுவரில் தொங்குகின்றன, நான் பார்ப்பதில்லை:
தோட்டா அறைப் பக்கம், குழல் தடித்த இடத்தில் மட்டும்.
வாய்ப்பக்கம் ஒருபோதும் கூடாது;
உள்ளே வரிப்பள்ளம் நூலளவு நெளிந்தாலும்
குண்டு அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.
கட்டையைக் கழற்றாமலே கண்ணில் பட வேண்டும்.
அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும்.
ஒரே அடி.
இரண்டாவது அடி முதலாவதன் மேல் சரியாக விழுந்ததாக
எந்த ஊரிலிருந்தும் செய்தி இல்லை.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஸிக்ரிஸ்வில்லில் சீஸ் செய்கிற
பேயாட் ஆம்ஸ்டுட்ஸ் என்பவருடைய துப்பாக்கி.
கீழே லாரி ஒன்று கதவில் இடித்தது.
சுத்தியல் எகிறி இன்னொரு தரம் விழுந்தது.
அச்சு நழுவி
அரை எழுத்து கீழே
இன்னொரு தொப்பை.
உருப்பெருக்கியில் பார்த்தேன்.
மற்ற பே.

தமிழில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது.
வல்லினம் ஆறு என்று சனிக்கிழமைப் பள்ளியில் படித்தபோது
ஆறே போதும் என்றுதான் இருந்தது.
இந்த நாட்டுக்காரர்களுக்கும் வாயால் பிரிக்கத் தெரியாது,
தொலைபேசியில் கேட்பார்கள்:
கெட்டியான பேயா, மெத்தென்ற பேயா?

அப்பாவின் அட்டையில் முதலில் இருந்த எழுத்து 'என்'.
என்னுடையது என்று அவருக்கு எதுவும் இல்லாத காலம்.
பிறகு 'எஃப்', தற்காலிகம்.
பதினொரு வருடம் தற்காலிகம்.
ஹோட்டல் பாத்திரத் தொட்டியில் கைகள்,
எல்லைக்கு அப்பால் லியோனில்
தங்கையின் கல்யாணம்,
அதை வீடியோவில் பார்த்தார்.
மெத்தென்ற பே வந்த அன்று
அம்மா அட்டையை வெளிச்சத்தில்
சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம்,
நான் இப்போது குழலைச் சாய்த்துப் பிடித்திருப்பதுபோல.

ஒரு நொடி, கை அரத்தைத் தேடிப் போனது.
அரம் போட்டால் எழுத்துப் போகும்,
எழுத்தோடு கொஞ்சம் குழலும் போகும்.
இட்ட குறியை அழிக்க எவருக்கும் அனுமதி இல்லை.
தவறை எழுதி வைக்க மட்டும்
பதிவேட்டின் ஓரத்தில்
இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
"இரட்டை அடி. தனியார் எனப் படிக்கவும்."
ஃபிராவ் ஷ்டுக்கி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்து,
கையெழுத்திட்டு,
கோப்பி குடிக்கப் போனார்.

ஆம்ஸ்டுட்ஸ் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.
பால் மணக்கும் கட்டைவிரலால் குறியைத் தடவினார்.
"பே, பே தானே. சுடுமா?"
சுடும் என்றேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன்.
புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.
"ரெண்டே அடியில குடுத்திட்டியோ?"
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
"ஆறுது, சாப்பிடு" என்றார்.