ஆதரவு நீக்கம்

மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
வெள்ளவத்தையில், கடைசி ரயில் போன பிறகு,
ஒரே விசையில் அழித்தேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
'நானூற்று எண்பத்தாறை இனி யாரும் பயன்படுத்துவதில்லை.'
ஒஸ்லோவிலிருந்து ஒருவன், புனேயிலிருந்து ஒருத்தி
சரி என்றார்கள்.
மொழிக்குச் சுமை குறைந்தது.
நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினாறு மாதம் கழித்து ஒருகொடவத்தை.
லொறி நிறுக்கும் மேடை. தகரக் கூண்டு.
மேசைக்கடியில் விசிறிகூட இல்லாத பெட்டி.
மூடியைக் கழற்றினேன்:
வெங்காயச் சருகு,
பல்லி முட்டை ஓடு இரண்டு,
நடுவில் அவன்.
நான் எழுதிய 'யாரும்' என்ற சொல்லுக்குள்
அகப்படாத ஆள்.

'சிட்டையில வரி வீதம் மாறோணும், அவ்வளவுதான்'
என்றார் ஜவ்ஸி நானா.
ஓர் எண்.
என் மடிக்கணினி மறுத்தது:
இந்த இலக்குக்கு ஆதரவு இல்லை.
அந்த வாக்கியத்தைத் தமிழ்ப்படுத்தியதும் நானே.
அன்று அகராதிப் பட்டியலில் அது
நூற்றுச் சொல்லில் ஒரு சொல்.
மட்டக்குளியில் ஒரு வாசற்பலகையில்
அதே சொல்லோடு 'அற்றோர்' சேர்ந்திருக்கும்;
பஸ் ஜன்னலால் எத்தனை தரம் வாசித்திருப்பேன்.

அவனுக்கோ செய்தி வந்து சேரவில்லை.
ஒரு லொறி ஏறியது. நிலம் கொஞ்சம் இறங்கியது.
எண்கள் தடுமாறி, நின்றன:
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
கைவிடப்பட்டது தெரியாதவன்
கிலோ பிசகாமல் சொன்னான்.

பழைய பதிப்பொன்று என் பையில் கிடந்தது.
அழித்தவள் ஏன் வைத்திருந்தாள் என்று கேட்காதீர்கள்.
தொகுத்தேன். ஊசிகள் கிறீச்சிட
புது வரி அச்சில் விழுந்தது.

'இன்னும் எவ்வளவு காலம் ஓடும் மிஸ்?'
'இரும்பு ஓடும் நானா, நேரந்தான் முடியும்.
முப்பத்தெட்டாம் ஆண்டு, தை பத்தொன்பது,
காலை எட்டு நாற்பத்து நாலு, ஏழாவது நொடி.
அதற்கடுத்தது அவன் கணக்கில்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மார்கழி.'

அவர் சிரிக்கவில்லை.
'அண்டைக்கு என்ன கிழமை?'
'செவ்வாய்.'
'செவ்வாய்க்கிழமை தம்புள்ளை லொறி கூட,'
என்றார், சிட்டையைக் கிழித்தபடி,
'ஏழு மணிக்கே வந்துடுங்க.'