தரையிலிருந்து

வூப்பர்டாலில் கடைகளை நான்
கீழிருந்துதான் அறிவேன்.

மலிவுக்கடைத் தரையில் பால் நாறும்.
பெட்டியைக் கிழித்து அப்படியே அடுக்கியிருப்பார்கள்.
காசாளர் ஹைக்கே பொருட்களை எறிகிற வேகத்தில்
சனங்கள் பைக்குள் மூச்சையும் சேர்த்துத் திணிப்பார்கள்.
அங்கே ஒருவரும் எதையும்
இரண்டாம் முறை தொடுவதில்லை.

ஊருக்கு வெளியே மொத்த விற்பனைக் கூடம்.
பாரந்தூக்கியின் கரிய டயர்த் தடம்
எந்த மருந்துக்கும் மசியாது.
அட்டை இல்லாதவனுக்குக் கதவும் அப்படித்தான்.
இருபத்தைந்து கிலோ வெங்காய மூட்டைக்குப் பின்னால்
ஓர் உணவகக்காரர் விரல்விட்டுக் கணக்குப் போடுவார்.

தளபாடக் கடையில் தரையே வழி சொல்லும்.
அம்புக்குறிகளைத் துடைத்துக்கொண்டே போனால்
யாரும் உறங்காத நாற்பது கட்டில்கள்,
அவற்றின் அடியில்
சண்டை பிடித்த சோடிகள் தவறவிட்ட
குட்டிப் பென்சில்கள்.

நகர் நடுவே, நாலு மாடிப் பேரங்காடியில் மட்டும்
பளிங்கு.
முகம் தெரியத் தேய்த்தேன், ஒன்பது வருடம்.
அங்கே தொட்டுப் பார்ப்பார்கள், தடவுவார்கள், முகர்வார்கள்.
வாங்குவது வேறெங்கோ.

மூடப்போகிறார்கள்.
நேற்றிரவு பொம்மைகளை அம்மணமாக
மின்தூக்கியருகே நிறுத்தியிருந்தார்கள்,
கழுத்தில் விலைச்சீட்டுடன்.
திருமதி கெம்பர், கையுறைப் பிரிவு, முப்பத்தோராண்டு,
என்னைக் கேட்டாள்:
"இன்றைக்கும் துடைக்கத்தான் வேண்டுமா?"

மணிக்கூலி எல்லாத் தரைக்கும் ஒன்றுதான் என்றேன்.
பிறகு வாளிக்குப் புதுத் தண்ணீர் பிடித்தேன்.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
ஓரமாகவே போனாள்,
ஈரத்தில் தடம் விழாமல்.