கடைமடையிலிருந்து

நூற்றெண்பது கேள்வி, நூற்றெண்பது நிமிடம்.
கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது,
மேட்டூரில் சொல்லும் கன அடிக் கணக்கு மாதிரி.
திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்து பார்த்தால்தான்
வாய்க்காலில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லை.

போன வருஷம் உயிரியலில் தொடங்கினேன்.
தெரிந்ததை முதலில் எழுது, கை சூடாகும் என்றார்கள்.
சூடானது.
தவளை இதயத்துக்கு எத்தனை அறை?
மூன்று என்று தெரியும்.
தெரிந்தும் மூன்று தடவை சரிபார்த்தேன்,
வரப்பு வழிந்த பிறகும் மதகை அடைக்காத
தலைமடைக்காரன் போல.
வேதியியலுக்குக் கணுக்கால் தண்ணீர்.
இயற்பியலுக்கு வந்தபோது
மணி நாலு ஐம்பத்திரண்டு.

பதினேழு கேள்விகளை நான் வாசிக்கவே இல்லை.
அவற்றில் விளைந்திருக்கக்கூடியது எத்தனையோ.
மதிப்பெண் பட்டியலில்
கருகல் என்று ஒரு கட்டம் கிடையாது.

இந்த வருஷம் பகலெல்லாம்
பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
சிட்டா, அடங்கல், ஆதார் இரண்டு பக்கமும்.
வீணாகும் தாளை எடுத்துக்கொள் என்றுவிட்டார்
கடைக்கார சர்புதீன்.
யாருடைய பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தின் முதுகிலோ
என் லென்ஸ் சூத்திரம்.

இரவு பத்துக்குமேல் முத்துப்பேட்டையிலிருந்து
தாட்சாயிணி கூப்பிடுவாள். அவளுக்கும் இது இரண்டாம் முறை.
போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
கடிகாரம் வைத்து எழுதுவோம், சண்டை போடுவோம்.
சரிக்கு நாலு, தவறுக்கு ஒன்று போகும்;
கண்ணை மூடிக் குத்தினாலும்
சராசரியில் கால் மதிப்பெண் லாபம்டீ என்பாள்.
கணக்கு சரிதான்.
ஆனால் சராசரிக்கு ஆயிரம் மே மாதம் வேண்டும்,
நமக்கு ஒன்றுதான் என்பேன்.
இரண்டு விடையை அடிக்க முடிந்தால் விதைப்போம்,
நான்கும் ஒரே முகமாகத் தெரிந்தால் தரிசு விடுவோம்.
இதில் மட்டும் இருவருக்கும் ஒப்பந்தம்.

அப்புறம் முறை வைத்தோம்.
முதல் தண்ணீர் கடைமடைக்கு:
இயற்பியலில் பார்த்ததும் வருவது மட்டும், இருபத்தைந்து நிமிடம்.
அடை.
உயிரியலுக்கு நாற்பத்தைந்து. அடை.
வேதியியல். அடை.
மிச்ச நேரம் மறுபடி கடைமடைக்கு.

திறப்பது சுலபம்.
சாய்தளத்தில் கோளம் பாதி உருண்டிருக்கும்போது
அதை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போவதுதான்
உயிர் போகிற வேலை.
அதைப் பழக்கியது எந்தக் கோச்சிங்கும் இல்லை,
"தங்கச்சி, அடங்கல் மூணு காப்பி" என்று
சரியாக விடை வரும் நேரம் பார்த்து வந்து நின்றவர்கள்.
காப்பி எடுத்துத் திரும்பினால்
கோளம் விட்ட இடத்திலேயே இருக்கும்.
எங்கேயும் ஓடிவிடவில்லை.

தேர்வன்று தஞ்சாவூர் பஸ்.
மன்னார்குடி தாண்டும்போது
பாமணியாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை,
ஒரு பொக்லைன் மட்டும் தூர் வாரிக்கொண்டிருந்தது.
வாசலில் தலை கிளிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
முடி முகத்தில் விழ விழ எழுதினேன்.
நடுவில் ஒரு முறை ஏமாந்தேன்;
மகரந்தக் குழாயிடம் நாலு நிமிடம் போய்விட்டது.
தாட்சாயிணி அந்நேரம்
நாகப்பட்டினத்தில் எதைக் குத்திக்கொண்டிருந்தாளோ.

நாலு ஐம்பத்தேழுக்கு
இயற்பியலின் கடைசிக் கேள்விக்கு வந்தேன்.
இரண்டு மின்தேக்கி, நடுவில் ஒரு சாவி.
நிதானமாக வாசித்தேன்.
தெரியவில்லை.
நான்கு வட்டத்தையும் வெள்ளையாகவே விட்டேன்,
வாசித்துவிட்டு.