இருபத்தாறாம் நாள்

நிலாவெளி உப்பளத்தில் கணக்கெழுதுகிறேன்:
மூட்டை, எடை, லொறி இலக்கம்.
அதே பேனையால் கலண்டரிலும்.
துடக்குக்கு வட்டம்,
வலிப்புக்குப் புள்ளடி.

வியாழக்கிழமை கிளினிக்.
டொக்டர் நஸ்மியா ஏழு மாதத்தையும் மேசையில் விரித்தார்.
"புள்ளடி எப்பவும் வட்டத்துக்கு ரெண்டு நாள் முந்தி.
பாத்தனீங்களோ?"
பார்க்கவில்லை.
மூட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துத் துண்டின் பின்பக்கம்
ஒரு நட்சத்திரம் கீறினார், கைகள் நிறைய.
நரம்பு பேசும். இது பேசாது.
பேச்சு முடிந்த இடத்தில் சிந்திக் கிடக்கும் உப்பை
அள்ளிக்கொண்டு போகும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தலைக்குள்ளும் உப்பளமா?

வலிப்பு வந்து வந்து
நட்சத்திரங்கள் தடித்துவிடுமாம்.
அடுத்ததன் எல்லைக்குள் கை நீட்டுமாம்,
அள்ளுவதில் பிந்திவிடுமாம்.
கன்னியா நினைவுக்கு வந்தது:
ஏழு கிணறு, ஓரெட்டுத் தூரத்தில்,
ஒன்றின் சூடு மற்றதற்கில்லை.
இடையில் சுவர் கரைந்தால்
எந்த வாளியில் எது வரும்?

பிறகு ஹோர்மோன்.
மாதக் கடைசியில் அது இறங்குகையில்
தணிக்கிற கையும் இறங்கிவிடும்.
நட்சத்திரங்களுக்கும் அது உறைக்குமா என்று கேட்டேன்.
எலி மூளையில், நாள்களோடு சேர்ந்து
அவை உருவம் மாறுவதைக் கண்டிருக்கிறார்களாம்.
"உங்கட தலையைத் திறந்து பாக்கேலாதே.
எனக்குத் தெரியாது."

அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருந்தது.
மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
மாமிக்கு, அது காத்துக் கறுப்பு.
மேற்பார்வையாளர் புவிராஜுக்கு, இரும்பு போதும்:
விழுந்து கிடந்த என் கையில்
லொறிச் சாவியைத் திணித்தார்.
விழித்தபோது உள்ளங்கையில் பல் பல்லாய் ஒரு தடம்.
சாவியை என் பிடியிலிருந்து எடுக்க முடியாமல்
லொறி அன்று ஒரு மணித்தியாலம் பிந்தியது.
அதையும் நான்தான் பதிந்தேன்,
காரணம் என்ற இடத்தை வெறுமையாய் விட்டு.

இன்று இருபத்தாறு.
இந்த மூன்று நாளுக்கு மட்டும் அரைக் குளிசை கூட.
போட்டாயிற்று.
மேசையின் கூர்மூலைக்குத் துவாய் சுற்றியாயிற்று.

கடற்பக்கம் கறுக்கிறது.
பாத்தியில் ஜெசிந்தாவும் கமலவேணியும்
பலகையால் உப்பை இழுக்கிறார்கள்,
சரக், சரக்,
மழை விழமுன்.

இழுங்கோ பிள்ளையள்.
அந்த மூலையில் இன்னும் கிடக்குது.
நிப்பாட்டாதேங்கோ.