கணியம்

அன்பியத்தில் தலைக்கு எழுநூறு பிரித்து
கிறிஸ்துமஸ் கழிந்த நாலாம் நாள் மலைக்குப் போனோம்.
இரண்டு வேளைச் சாப்பாடு, வழிகாட்டி உட்பட.
குளிர் உட்பட என்றும் நோட்டீஸில் இருந்தது.

வழிகாட்டி பெயர் பிரைட்சன், இருபத்துமூன்று வயதிருக்கும்.
பூதப்பாண்டி தாண்டியதும் மைக்கைத் தட்டி
"கம்பளி கொண்டுவராதவங்க கை தூக்குங்க" என்றான்.
ஒருவரும் தூக்கவில்லை.
மேரி டயானா மூன்று பிள்ளைகளுக்கும்
நாகர்கோவில் நடைபாதையில் வாங்கிய
குரங்குக் குல்லாய் மாட்டியிருந்தாள்.
குல்லாய்க்குள் வியர்வை ஓடிற்று.

கீரிப்பாறைச் சாவடியில்
பிளாஸ்டிக் குப்பிகளை எண்ணி எழுதிக்கொண்டார்கள்.
பதினேழு. திரும்பும்போதும் பதினேழு இருக்கவேண்டும்.
ஆட்களை எண்ணவில்லை.
எனக்கு அது பழக்கம்தான்.

ரப்பர் முடிந்து கிராம்பு தொடங்கியது.
ஏணியில் நின்று மொட்டு பறித்த ஒருத்தியைக் காட்டி
"பூக்கும் முன்ன பறிக்கணும், பூத்தா விலை போச்சு"
என்றான் பிரைட்சன்.
அவள் கீழே பார்க்கவில்லை.
ஏணி சரியாமலிருக்க நாலு பக்கமும் கயிறு.
முடிச்சைப் பார்த்தேன்.
எங்கள் முடிச்சு.

துரை பங்களா ஒன்று ரிசார்ட் ஆகியிருந்தது.
பகல் பன்னிரண்டுக்கு முற்றத்தில் விறகு மூட்டி
சுற்றி நாற்காலி போட்டார்கள்.
மெல்ல மெல்லப் பின்வாங்கினோம்,
நாற்காலியோடு.
பொய் சொல்லக்கூடாது, விரல்நுனி கொஞ்சம் குளிர்ந்தது.
செபஸ்தியடிமை அதைப் பெரிதாக்கி
மூன்று கட்டன் சாயா குடித்தான்.

நான் வந்தது வேறொன்றுக்கு.
முப்பத்தோரு வருசமாய் இந்த மலையைக்
கடலில் நின்று பார்க்கிறேன்.
இதன் மொட்டையுச்சி
எங்கள் கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் மறையவேண்டும்.
அதே சமயம் மேற்கே சின்னமலை
சில விரல் விலகித் தெரியவேண்டும்.
எத்தனை விரல் என்று எழுதமாட்டேன்.
மச்சானுக்கே சொன்னதில்லை.
அங்கே நங்கூரம் விட்டால் கீழே பாறை,
பாறையில் கலவா.

"இதில் அம்மிக்கல் எது?" என்று கேட்டேன்.
கடலில் இதற்கு அதுதான் பெயர்.
பிரைட்சன் ஃபைலைப் புரட்டினான்.
"அப்படி ஒரு பாயின்ட் இல்லியே அண்ணாச்சி."

காட்சிமுனையில் மூடுபனி.
வேலிக்கம்பிக்கு அப்பால் வெள்ளை, வெறும் வெள்ளை.
அவன் தளரவில்லை.
"இஞ்ச முட்டம், அங்க குளச்சல்,
தெளிவா இருந்தா வள்ளம்கூடத் தெரியும்."
எல்லோரும் வெள்ளையின் முன் நின்று
படம் எடுத்துக்கொண்டார்கள்.
முட்டத்துக்கு நீட்டிய விரல் மிகவும் கிழக்கே நின்றது.
மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தி வைத்தேன்.
"பனிக்குள்ள எப்படித் தெரியும்?"
"காத்து வருதே, மக்கா."

பிறகு அது கிழிந்தது.
ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்.
தென்னை, குளங்கள், கரை,
கரையில் அரிசிமணி போல ஒரு வெள்ளை: கோயில்.
அதற்கப்பால் கடல்
துடைத்து வைத்த தட்டம்.
காலடியிலிருந்து கோயில் வழியாக
மனசுக்குள் ஒரு கோடு இழுத்தேன்.
கோடு போனது, போய்க்கொண்டே இருந்தது.
சின்னமலையில் யாராவது நின்று
இன்னொரு கோடு இழுக்கவேண்டும்.
அங்கே யாரும் இல்லை.
கோட்டின் எந்தப் புள்ளியும்
என் இடமாக இருக்கலாம்.
முப்பத்தோரு வருசம் நான் நின்ற தண்ணீரை
எனக்கே காட்டத் தெரியவில்லை.

பனி மூடியது. "பார்த்தாச்சா? போலாமா?"

சாவடியில் குப்பி பதினாறு.
இருட்டும் வரை வண்டியைத் துழாவினோம்.
மேரி டயானாவின் கடைசிப் பிள்ளை
குல்லாய்க்குள் சுற்றி மடியில் வைத்திருந்தான்.
வெறுங்குப்பி, மூடி இறுக்கி.
"உள்ள குளிர் இருக்கு, திறக்காதீங்க."
காவலர் திறக்காமலே எண்ணிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடியலில்
வள்ளத்தில் நிமிர்ந்தபோது
அம்மிக்கல் தன் இடத்தில் இருந்தது.
அதில் சாயாக்கடை எந்தப் பக்கம் என்று
வள்ளத்தில் எனக்கும் செபஸ்தியடிமைக்கும்தான் தெரியும்.
மணிக்கூண்டுக்குப் பின்னால் அது மறையும்வரை காத்திருந்து
நங்கூரம் விட்டேன்.

அன்று கலவா படவில்லை.