கடன் அட்டை, நாற்பது கிலோ

வேதாளையில் பிடிபட்டது
கடல் அட்டை. அவித்துக் காய்ந்தது. நாற்பது கிலோ.
நீதிமன்றத்துக்குப் புதிதாய் வந்த மென்பொருள்
அதைக் காதில் வாங்கிக்
கடன் அட்டை என்று எழுதியது.
சிரித்தது நான் மட்டும்.
சிரிப்பைப் பதிவுசெய்யும் வழக்கம் இங்கே இல்லை.

பதினெட்டு வருடம் இந்த மேசையில்
பிறர் சொன்னதை அடித்தேன்.
இப்போது அது எழுதுகிறது,
நான் ‘ன்’னை எடுத்து ‘ல்’ போடுகிறேன்.
சம்பளம் அதேதான்.

சான்றுப்பொருள் எண் மூன்று
அரக்கு முத்திரைக்குள் கிடந்தும் நாறுகிறது.
கோர்ட்டுப் பூனை வாய்தா தவறாமல் வருகிறது.

தொட்டால் தன் குடலையே கக்கிவிட்டுத்
தப்பிக்கும் உயிர் அது.
அவித்தபின் கக்க ஏதுமில்லை.
மிஞ்சிய இழையை ஆய்வகம் உருவிக்கொண்டது.
தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு சதவீதம்
இந்தப் பக்கத்துக் கடலில் பிறந்தது என்கிறது அறிக்கை.
அந்தப் பக்கம் என்றால் உரிமச் சீட்டு,
இந்தப் பக்கம் என்றால் ஜெயில்.
நடுவில் உள்ள தண்ணீருக்கு
இரண்டும் தெரியாது.

காணொளியில் விஞ்ஞானி.
வக்கீல் அமலோற்பவம் எழுந்தார்.
எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டீர்கள்?
நிரல் கணக்கிட்டது.
எந்தக் கணக்கு?
அது நிறுவனத்தின் வணிக ரகசியம்.
அப்படியானால் ஐயா,
நான் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது?
சத்தியம் வாங்க அதற்குக் கை உண்டா?
பொய் சொன்னால் அடைக்க
அதற்கு உடம்பு உண்டா?

திரை உறைந்தது.
விஞ்ஞானியின் வாய் பாதி திறந்தபடி.
நீதிபதி கடிகாரம் பார்த்தார்.
மின்விசிறி மட்டும்
ஆட்சேபணை, ஆட்சேபணை என்று சுற்றியது.
இணைப்பு திரும்பவில்லை.
திறந்த வாயை என்னவென்று பதிவது என்று
யாரும் கேட்கவில்லை.

பிறகு எதிரியை அழைத்தார்கள்.
சட்டத்தின் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவன் எதிரி.
கலந்தர் மைதீன், வேன் ஓட்டுநர்,
யாருக்கும் எதிரே நின்று பழக்கமில்லாத தோள்கள்.

மூட்டையில் என்ன இருந்தது என்று
உனக்குத் தெரியுமா?

நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தான்.
ச்.

இந்தக் கரையில் அதற்கு
இல்லை என்று பொருள்.
எனக்கென்ன தெரியும் என்றும்.
விடுங்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும்.
மென்பொருள் ஒன்றும் எழுதவில்லை.
கேள்விக்கு அடியில் அடுத்த கேள்வி,
இடையில் ஒரு வெற்று வரிகூட இல்லை.

முன்பென்றால் அடைப்புக்குறிக்குள்
எதிரி மௌனம் என்று அடித்திருப்பேன்.
ஆனால் அது மௌனம் இல்லையே.
‘இல்லை’ என்று அடித்தால் விடுதலைக்கு உதவலாம்.
அவன் அதைச் சொல்லவும் இல்லை.

ஐந்து மணிக்குக் கோப்பு பூட்டிக்கொள்ளும்.
பிறகு ஒரு புள்ளியை மாற்றவும்
மனு வேண்டும், மனுவுக்கு மறுமனு.
மணி நாலு ஐம்பத்திரண்டு.

தனி மெய் சொல்லாகாது என்று
ஆறாம் வகுப்பில் படித்தேன்.
உயிர் வந்து ஏறினால்தான் மெய் நடக்குமாம்.
மூட்டைக்குள் நாற்பது கிலோ
உயிர் போன மெய்.

அடித்தேன்:
ச்

மேலே புள்ளி வைத்தது நான்.
மேல்முறையீட்டில் கேட்கட்டும்,
இந்தச் சாட்சியம் யாருடையது என்று.
மண்டபம் போகும் பஸ் ஐந்தேகாலுக்கு.