பணமல்லாத நன்மை

மேடையில் கொடுத்தது அட்டையில் வெட்டிய சாவி,
ஒரு முழ நீளம், தங்கத்தாள் ஒட்டியது.
உண்மைச் சாவி என் மேசை லாச்சியில் கிடந்தது,
காப்புறுதிக் கடுதாசியோடு.
வடக்கு வலயத்தில் அதிகம் அறவிட்டவர்
மேரி ஜெனிற்றா, கிளிநொச்சிக் கிளை.
கொழும்பிலிருந்து வந்தவர்
பெயரை மூன்றுதரம் மூன்று விதமாய் வாசித்தார்.
கைதட்டினோம். ஆளுக்கொரு ரோல்ஸ், பிளேன்ரீ.

பிறகு மாதக் கடைசி வந்தது.
சம்பளக் கணக்கு என் வேலை.
கணினியில் ஒரு கூடு உண்டு:
பணமல்லாத நன்மை.
அதற்குள் ஸ்கூட்டரை இறக்க வேண்டும்.
சிவப்பு நிறம் வேண்டாம்,
இருக்கையில் அவள் இன்னும் கிழிக்காத
பொலித்தீன் உறை வேண்டாம்,
சந்தைப் பெறுமதி மட்டும் போதும்.
ஆறு லட்சத்து எண்பதாயிரம்.
இறக்கினேன்.
முப்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்
ஒரு சத்தமும் இல்லாமல் கழிந்தது.

கேட்க வந்ததும் அந்த ஸ்கூட்டரில்தான்.
ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.
"பரிசெண்டுதானே சொன்னனீங்கள்?
பரிசுக்கென்ன வரி?"

வேலை தருபவன் தந்தால் அது கூலி என்றேன்,
ரிப்பன் கட்டித் தந்தாலும்.
"றோட்டால போறவன் தந்தா?"
அது வேறு கணக்கு.
"மாதா தந்தா?"
மாதாவிடம் நீங்கள் சம்பளத்துக்கு நிற்கவில்லையே.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கண்ணாடிக்குக் கீழே மடுமாதா படம்
முதல் நாளே ஒட்டியாயிற்று.

"அப்ப ஒரு சில்லைக் கழற்றி வரிக்குக் குடுங்கோ."
பொருளாய்த் தந்ததற்கும்
காசாய்த்தான் எடுப்பார்கள் என்றேன்.
சொல்லும்போதே தெரிந்தது,
என் தொண்டையில் இருந்தது அவளுடைய குரல்,
படலைக்கு வெளியே நின்று அவள் கதைக்கும் குரல்.
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
ஹெல்மெற்றின் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

அவளது அறிக்கைகள் என்னைத் தாண்டித்தான் போகும்,
எரிபொருள் கணக்குக்காக.
பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம்.
எல்லாப் படலையிலும் ஒரு பிள்ளை வந்து நிற்கும்,
எல்லாப் பிள்ளையும் அம்மா இல்லை என்னும்.
ஜெனிற்றா பிள்ளையைப் பார்ப்பதில்லை,
கொடியைப் பார்ப்பாள்.
சேலையில் தண்ணீர் சொட்டினால் ஆள் உள்ளே.
அப்படிப் பிடித்ததுதான் வடக்கு வலயம்.

அந்த மாதம் சீட்டுக்காசு போக,
அக்காவின் நகையை மீட்ட வட்டி போக,
இருபத்தைந்தாம் திகதி
வங்கியில் அவள் கணக்கு கையை விரித்தது.
நிலுவைப் பட்டியல் மறுநாள் வந்தது.
பதினான்காம் வரி:
மேரி ஜெனிற்றா, முரசுமோட்டை,
கிணறு கட்டிய கடன், ஒரு தவணை.
அதே வரியின் கடைசிக் கூட்டில்
அறவிடும் உத்தியோகத்தர்: மேரி ஜெனிற்றா.

கணினிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.
எனக்கு இருந்தது.
அந்த வரியை அழித்திருக்கலாம்.
அழிக்கிற அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன்,
அதிகாரம் இல்லைத்தான்,
ஆனாலும் முதலில் வந்தது பயம்.
பட்டியலை அச்செடுத்து
அவள் தட்டில், முகம் குப்புற வைத்தேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு போனாள்.

பின்னேரம் அறிக்கை வந்தது.
பதின்மூன்று வீடுகள் வழக்கம் போல.
பதினான்காவது,
அதே சாய்ந்த கையெழுத்தில்:

சென்றேன்.
படலை சாத்தியிருந்தது.
கொடியில் ஈர உடுப்பு.
மகன் வெளியே வந்து
அம்மா இல்லை என்றான்.

கீழே எரிபொருள் கொடுப்பனவுக்கு விண்ணப்பம்,
போக வர இருபது கிலோமீற்றர்.
சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன்.
கடமைப் பயணம்.
அதற்கு வரி இல்லை.